ஆதிகேசவனின் பெருக்கி

வேலூர் ரேடியோ நண்பர் சங்கத்தில் பேருக்கு ஏழு பேர் இருந்தார்கள். சர்க்கார் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் செய்தி அனுப்பும் செட்டைத் தன் கையாலேயே கட்டியவன் நயீம் அகமது ஒருவன்தான். இந்த விஷயத்தை அவன் மற்றவர்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவான், வாயால் அல்ல, முகத்தால்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசுவது கொஞ்சம் வசதியும் நிறையப் பொறுமையும் உள்ளவர்களின் விளையாட்டு. மாடியில் இரண்டு மூங்கிலை நட்டு ஏரியல் கம்பி இழுக்க வேண்டும். கீழே ஒரு மேஜையில் வால்வும் சுருளும் வைத்துப் பூட்டிக்கொண்டு, கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொரு கிறுக்கனைக் கூப்பிட வேண்டும். நயீம் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவன். ஆம்பூரில் தாய்மாமன் அப்துல் வஹீதின் தோல் பதனிடும் ஷாப்பில் எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சுண்ணாம்புக் குழி நாற்றத்துக்கு நடுவில் படித்த ஒரே ஆள் தான்தான் என்பது அவன் நினைப்பு. அது உண்மையில்லை. ஆனால் அந்த நினைப்பு அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

சங்கத்துக்குத் தலைவர் வக்கீல் ஆதிகேசவன். அவருடைய செட் சீமையிலிருந்து பெட்டியோடு வந்தது. பெட்டியைத் திறந்ததுதான் அதில் அவர் செய்த வேலை. அதற்கும் ஆணி பிடுங்க ஆள் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வீட்டுக் கூடத்தில் சங்கம் கூடியது. காபி வந்து, குடித்து, டம்ளர்கள் உள்ளே போனபின் ஆதிகேசவன் எழுந்து நின்றார். கோர்ட்டில் நிற்கிற மாதிரியே நின்றார்.

"இருபது மீட்டர் அலைக்கு ஒரு சுருள். நாப்பதுக்கு ஒரு சுருள். எண்பதுக்கு இன்னொண்ணு. அலை மாத்தணும்னா கழட்டு, மாட்டு, திருகு. இன்னா அடிமைத்தனம் இது? நான் ஒரு பெருக்கி செய்யப்போறேன். நம்ம சின்ன செட்டுலேருந்து வர்ற சிக்னலை வாங்கி, பத்து மடங்கு பலமாக்கி ஏரியலுக்குத் தள்ளும். எந்த அலையா இருந்தாலும் சரி, ஒரு திருகாணியைத் தொட வேணாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நயீம் தட்டவில்லை. 'செய்யப்போறேன்' என்ற சொல்லில் இருக்கும் கை யாருடைய கை என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி ஒரு கேள்வி கேட்டாள். காட்பாடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் சயன்ஸ் டீச்சர். அவளிடம் இருந்தது கேட்கிற பெட்டி மட்டும்தான், பேசும் செட் கிடையாது. ஆனால் சங்கத்தில் உருப்படியாகக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"எல்லா அலைக்கும் வேலை செய்யணும்னா பலம் கொறையாதா சார்?"

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பாத்துக்கிட்டான் டீச்சர்" என்றார் ஆதிகேசவன். ஏதோ ஒரு சீமைப் பத்திரிகையில் படம் பார்த்திருந்தார். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாரா என்று கேட்பது மரியாதையாக இருக்காது.

அதோடு விட்டிருந்தால் நயீம் ஒரு வாரம் மனசுக்குள் சிரித்துவிட்டு மறந்திருப்பான். வக்கீல் விடவில்லை. ஐப்பசி மாதம் ஆம்பூரில் தோல் வியாபாரிகள் ஒரு பொருட்காட்சி வைக்க இருந்தார்கள். சப் கலெக்டர் வந்து திறப்பதாக ஏற்பாடு. அந்த மேடையிலிருந்து இந்தப் பெருக்கி வழியாகக் கொழும்பைக் கூப்பிட்டுப் பேசிக்காட்டுவதாக வக்கீல் வாக்குக் கொடுத்திருந்தார். செலவை ஏற்றுக்கொண்டவர் அப்துல் வஹீத்.

"நீ செஞ்சு குடு" என்றார் மாமா, கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. "நம்ம ஷாப்பு பேரு கொழும்பு வரைக்கும் போவும்."

"பேரு போவாது மாமு. சத்தம்தான் போவும்."

"சத்தத்துல பேரு இருக்கும்ல?"

இதற்குப் பதில் கிண்டியில் சொல்லித்தரவில்லை. நயீம் எஞ்சின் கொட்டகையில் ஒரு மேஜையை ஒழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

வக்கீலை எவ்வளவு இளக்காரமாக நினைத்தானோ அவ்வளவுக்கு அந்த வேலை அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு சுருள் எந்த அலைக்குச் சுற்றப்பட்டதோ அந்த அலைக்குத்தான் துள்ளும், மற்ற அலைக்குப் படுத்துக்கொள்ளும். குறுக்கே ரெசிஸ்டர் என்கிற ஒரு தடையைப் போட்டால் துள்ளல் அடங்கிவிடும். அதன் பிறகு அது இருபதுக்கும் நாற்பதுக்கும் எண்பதுக்கும் ஒரே மாதிரி, கொஞ்சம் சோம்பலாக, நடக்கும். பலத்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். போனது போக மிச்சம் கிடைப்பதுதான் கணக்கு. இரண்டு வால்வுகளை ஜோடியாக வைத்து, மூன்று ரெசிஸ்டர்களைப் போட்டான். ஆயிரம் வோல்ட் கம்பிகள் எல்லாவற்றையும் பீங்கான் குமிழ்களில் தாங்க வைத்தான். ஏரியலுக்குப் பதிலாக ஒரு விளக்கு பல்பை மாட்டிச் சோதித்துப் பார்த்தான். மூன்று அலையிலும் பல்பு ஒரே ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. எஞ்சின் கொட்டகையில் தன்னந்தனியாக நின்று அந்த ஆரஞ்சு நிறத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

ஆதிகேசவன் வந்து பார்த்தார். பார்த்தவுடன் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாபா, பல்பு அழுவுது?"

"சார், அந்தப் பக்கம் பாருங்க, ஆளுங்க தோலை இழுத்து ஆணி அடிச்சிருக்காங்க. அகலம் ஜாஸ்தியானா தோலு இன்னா ஆவும்?"

"மெலிசாவும்."

"அதேதான் இதுவும்."

"எனக்கு அகலமும் வேணும், கனமும் வேணும்."

"அப்போ ரெண்டு எருமை வேணும் சார்."

வக்கீல் அதை ரசிக்கவில்லை. குனிந்து ரெசிஸ்டர்களுக்கு மேலே கையைக் காட்டிப் பார்த்தார். "இது ஏன் இப்படிக் கொதிக்குது?"

"பலத்துல ஒரு பங்கை இதுங்க தின்னுது."

"தின்றதுக்குன்னே மூணு பேரை உக்கார வெச்சிருக்கியா? நல்லாருக்கே!"

மறுவாரம் எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க நயீம் மதராஸ் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் சாமான் கிடைக்கத் தாமதமாகி, பொருட்காட்சி அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கினான். தூறிக்கொண்டிருந்தது. நேராகப் பந்தலுக்குப் போனான்.

அங்கே அவன் கட்டிய பெருக்கி இல்லை. அவன் கட்டியதன் பிணத்துக்கு யாரோ ஜரிகை போர்த்தியிருந்தார்கள்.

மரப்பலகையும் பீங்கான் குமிழ்களும் போயிருந்தன. அந்த இடத்தில் மினுமினுவென்று பளபளக்கும் ஒரு முழுப் பசுத்தோல் விரிப்பு, ஓரமெல்லாம் பித்தளை ஆணி. வால்வுகளும் கம்பிகளும் நேராகத் தோலின் மேலேயே திருகப்பட்டிருந்தன. முன்பக்கம் தங்க ரேக்குத் தகட்டில் பெரிய எழுத்து: அப்துல் வஹீத் அண்ட் கம்பெனி, ஆம்பூர். ரெசிஸ்டர் மூன்றும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன.

"எப்பிடி?" என்றார் ஆதிகேசவன். "நம்ம ஊரு சரக்கு மேலயே நம்ம ஊரு விஞ்ஞானம். உங்க மாமு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்தத் தின்னிப் பசங்களையும் எடுத்துட்டேன். இப்போ பல்பைப் போட்டுப் பாரு, கண்ணு கூசும்."

நயீம் தோலைத் தொட்டுப் பார்த்தான். ஈரக் காற்றில் அது பிசுபிசுத்தது. உப்பில் கிடந்து வந்த தோல் எவ்வளவு அலசினாலும் உப்பை முழுசாக விடாது, மழை நாளில் தண்ணீரை இழுக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்துக்கு ராஜபாட்டை. போதாததற்குத் தங்க ரேக்கு வேறு. ரெசிஸ்டர் போனதால் வால்வுகள் அடங்காமல் தாங்களாகவே ஊளையிடத் தொடங்கும். இவ்வளவும் அவனுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் திறந்தான். அதற்குள் வக்கீல் அவன் தோளைத் தட்டி, "நீ சின்னப் பையன், பயந்து பயந்து கட்டியிருக்கே. வித்தைன்னா தைரியம் வேணும்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு வியாபாரிகள் சிரித்தார்கள்.

நயீம் வாயை மூடிக்கொண்டான். கேட்டால் சொல்வோம் என்று நினைத்தான். யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஊர் பார்க்க, சப் கலெக்டர் பார்க்க, இந்த மனுஷன் விழட்டும். அவன் போய் ஓரமாகச் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில், நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

சப் கலெக்டர் வந்தார், கழுத்தில் மாலை விழுந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள், எல்லோரும் ஒன்றையே பேசினார்கள். பந்தலின் மறுகோடியில் ஆரோக்கியமேரி கேட்கும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கொழும்பிலிருந்து வரும் பதிலைப் பிடித்து ஒலிபெருக்கிக்குக் கொடுப்பது அவள் பொறுப்பு.

ஆதிகேசவன் மைக்கைப் பிடித்தார். சுவிட்சைப் போடச் சொன்னார். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே மீட்டர் முள் துள்ளி மறுகோடியில் போய் முட்டி நின்றது.

"பாருங்க!" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "பேசாமலே இவ்ளோ பலம்!"

பேசாமலே பலம் காட்டுவது வால்வு ஊளையிடுகிறது என்பதற்கு அடையாளம். கூட்டம் கை தட்டியது. மறுகோடியில் ஆரோக்கியமேரியின் பெட்டி நாய் மாதிரி கத்தியது. அவள் எந்தப் பக்கம் திருகினாலும் அதே கத்தல்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். வக்கீல் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு தானும் கையை உயர்த்தினார்.

"ஹலோ கொழும்பு! ஹலோ கொழும்பு!"

முதலில் வாசனைதான் வந்தது. முடி கருகுகிற வாசனை. பிறகு தோலின் மேல் நீலமாக ஒரு சின்னப் பொறி நடக்கத் தொடங்கியது. ஈரத்தில் தட்டுத் தடுமாறித் தங்க ரேக்கை எட்டியதும் அதற்கு வழி தெரிந்துவிட்டது. 'அப்துல்' எரிந்தது. 'வஹீத்' எரியத் தொடங்கியது. நயீமுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று கிளம்பியது. அதை அவனால் மறுக்க முடியாது.

அப்போது மாமா எழுந்து வந்தார். தன் பெயர் எரிவதைப் பார்த்த மனுஷன், சட்டை மேல் விழுந்த நெருப்பைத் தட்டி அணைப்பது போல, வெறுங்கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"மாமு! தொடாதீங்க!"

நயீம் கத்தியதும் சுவிட்சுப் பிடியை இழுத்ததும் ஒன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் மாமாவின் விரல் நுனி எழுத்தைத் தொட்டுவிட்டது. அவர் யாரோ நெஞ்சில் உதைத்த மாதிரிப் பின்னால் போய் அங்கிருந்த ஒரு நாற்காலியோடு விழுந்தார். தொப்பி ஒரு பக்கம் உருண்டது.

நயீம் அவரைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டான். மாமாவின் உதடு வெளுத்திருந்தது. பிறகு மூச்சு வந்தது, கண் திறந்தார். கை மரத்திருந்தது. விரல் நுனியில் மிளகு அளவுக்கு வெள்ளையாக ஒரு புண். டாக்டர் வந்து பார்த்து, ஒன்றுமில்லை, பிழைத்தார் என்றார்.

இனி ஆதிகேசவன் தலை தூக்க முடியாது என்று நயீம் நினைத்திருந்தால், அவனுக்கு வக்கீல்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

ஆதிகேசவன் மேடையிலிருந்து இறங்கவே இல்லை. "கனவான்களே" என்றார். "நீங்களே கண்ணால பாத்தீங்க. எருமையே கிழிக்க முடியாத ஆம்பூர்த் தோலையே பொசுக்கிற சக்தி இந்தப் பெருக்கிக்கு இருக்கு. இவ்வளவு சக்தி இந்த ஜில்லாவுல இதுவரைக்கும் உண்டாக்கப்பட்டது உண்டா?" இல்லை என்று கூட்டம் ஒப்புக்கொண்டது. சப் கலெக்டர் கைகுலுக்கினார். கொழும்பு பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் யாரோ அவசரப்பட்டுச் சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. மாமாவே அதை நம்பினார்.

"ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதாடா?" என்றார், கட்டுப்போட்ட விரலை ஆட்டிக்கொண்டு. "கொழும்பு வந்திருக்கும்."

"நீங்க போயிருப்பீங்க மாமு."

"அல்லா காப்பாத்தியிருப்பான். உனக்கு எதுலயும் அவசரம்."

பந்தலைப் பிரிக்கும்போது ஆரோக்கியமேரி தன் பெட்டியை மூடிக்கொண்டு நயீமிடம் வந்தாள். வக்கீலைப் பற்றிச் சேர்ந்து சிரிக்க ஒரு ஆள் கிடைத்தது என்று அவன் நினைத்தான்.

"பாத்தீங்களா டீச்சர் கூத்தை? உப்புத் தோலு மேல ஆயிரம் வோல்ட்டு!"

"உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சு."

"ஏன் சொல்லல?"

"என்னை யாரு கேட்டாங்க?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "உங்க மாமா செத்திருந்தா, அவங்க வீட்டுல போயும் இதையேதான் சொல்லியிருப்பீங்களா? என்னை யாரும் கேக்கலன்னு?"

நயீமுக்கு முகம் சூடாகியது. இவள் யார், ஒரு வால்வைக் கையால் தொட்டிருப்பாளா என்று ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். மழை வலுத்துக்கொண்டிருந்தது. மாமா விழுந்த நாற்காலியைக் கூலியாட்கள் தூக்கி வண்டியில் போடுவதைப் பார்த்துக்கொண்டு அவன் அங்கேயே நின்றான்.

அதன்பின் பல நாள் சங்கத்துக்குப் போகவில்லை. வக்கீலை நினைத்து வரும் சிரிப்பு பாதியில் நின்று, மாமாவின் வெளுத்த உதட்டில் போய் முடிந்தது. இரண்டு வால்வுகளில் ஒன்று கருகாமல் பிழைத்திருந்தது. இன்னொன்றை எங்கெங்கோ தேடி வாங்கினான். பலகை, பீங்கான், ரெசிஸ்டர் எல்லாவற்றையும் பழையபடி போட்டு, யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது பெருக்கியைக் கட்டினான். பல்பு மறுபடியும் மூன்று அலையிலும் ஆரஞ்சாக எரிந்தது. இந்த முறை அது போதவில்லை. தூரத்திலிருந்து ஒரு காது வேண்டும். பொய் சொல்லாத காது ஒன்றுதான் இருந்தது.

வெட்கத்தை விட்டு ரயிலேறிக் காட்பாடி போய், பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டான். ஆரோக்கியமேரி சரி என்றாள். அடுத்த சனிக்கிழமை பகலில் அவன் ஆம்பூரிலிருந்து மூன்று அலையிலும் மாற்றி மாற்றிப் பேசினான். திங்கட்கிழமை மறுபடியும் போய் அதே வாசலில் நின்றான்.

"மூணுலயும் தெளிவாக் கேட்டுச்சு" என்றாள். "நாப்பதுல கொஞ்சம் கம்மி."

"அது சரி பண்ணிடலாம்."

"இன்னொண்ணு. நீங்க நாப்பதுல பேசுறப்போ இருபதுலயும் உங்க குரல் கேட்டுச்சு."

"இருக்காது."

"நான் கேட்டேன்."

"டீச்சர், அதைக் கட்டினவன் நான்."

"கேட்டவ நான்."

திரும்பி வரும் ரயிலில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் ஆட்டுத்தோல் விலையைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். நயீம் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. எல்லா அலைக்கும் கதவைத் திறந்து வைத்தால், கூப்பிட்டவனோடு கூப்பிடாதவனும் நுழைவான். வால்வு பெருக்கும்போதே அசல் அலையின் பாதி நீள அலையும் கூடப் பிறக்கும். சாதாரணப் பெருக்கியில் சுருள் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். இவன் வைத்த அடங்கிய சுருளுக்கு யாரையும் நிறுத்தத் தெரியாது. இதை அவன் யோசித்திருக்க வேண்டும். வக்கீலுக்குத் தெரியாதது வேறு விஷயம். கிண்டியில் படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி பாலாற்றங்கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, ஆதிகேசவனுக்கென்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த அடைமொழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தனக்குச் சூட்டிப் பார்த்தான். பலவும் அளவாகவே பொருந்தின.

ஏரியலுக்குப் போகும் வழியில் சல்லடை மாதிரி ஒரு சுருள் வரிசை கட்டினான், ஒவ்வொரு அலைக்கும் ஒன்று. அலை மாறும்போது ஒரு பிடியைத் திருப்பி அந்தந்தச் சல்லடையைச் சேர்க்க வேண்டும். ஆக, ஒன்றையும் தொட வேண்டாத பெருக்கி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஒரு பிடியைத் தொட்டே ஆக வேண்டும். மறுபடியும் காட்பாடியில் ஒரு சனிக்கிழமை. இந்த முறை ஆரோக்கியமேரி, "இருபது சுத்தமா இருக்கு" என்றாள். அதற்கு மேல் பாராட்டவில்லை.

தை பிறந்து வானம் வெளுத்த ஒரு மத்தியானம் நயீம் கொழும்பைக் கூப்பிட்டான். கொழும்பு வரவில்லை. கண்டிப் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரன் பதில் கொடுத்தான். நாற்பதில் பேசினார்கள். பிடியைத் திருப்பி இருபதுக்குப் போனார்கள், அங்கேயும் கேட்டது. எஞ்சின் கொட்டகையில் பார்க்க யாரும் இல்லை. கைதட்டல் இல்லை.

"உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது" என்றான் அந்த ஆள் இங்கிலீஷில். "என் குரல் கேட்கிறதா?"

"நன்றாகக் கேட்கிறது."

"இங்கே மழை."

"இங்கே வெயில்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை சுருள், இத்தனை பீங்கான், மாமாவின் உயிரைப் பணயம் வைத்த ஒரு திருவிழா, எல்லாம் கடல் தாண்டி வெயில் அடிக்கிறது என்று சொல்வதற்குத்தானா என்று நயீம் நினைத்தான். வாய்விட்டே சிரித்துவிட்டான். மைக் திறந்திருந்தது. அந்தப் பக்கத்து ஆள் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டான். சும்மாதான் என்றான் நயீம்.

"நாளைக்கும் இதே நேரத்தில் வருவீர்களா?" என்று கேட்டான் தேயிலைத் தோட்டத்து ஆள். குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது. மலை மேல் தனியாக இருக்கிறான் போலிருந்தது.

"வருகிறேன்" என்றான் நயீம். சுவிட்சை அணைத்துவிட்டு, எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றப் போனான்.